முதல் அநீதி சிறியதாகவே இருக்கும்

1924 மே மாதம், மாஸ்கோ. லெனின் இறந்து நான்கு மாதங்கள் ஆகியிருந்தன. நோயில் கிடந்த காலத்தில் அவர் சொல்லச் சொல்ல எழுதப்பட்ட கடிதம் ஒன்றை அவருடைய மனைவி குரூப்ஸ்காயா கட்சித் தலைமையிடம் ஒப்படைத்தார். தலைவர்கள் ஒவ்வொருவரின் குணத்தையும் எடைபோட்ட கடிதம் அது. 1923 ஜனவரியில் சேர்த்த பின்குறிப்பில், பொதுச் செயலாளர் ஜோசப் ஸ்டாலின் மிகவும் முரட்டு சுபாவம் உள்ளவர், அவரை அந்தப் பதவியிலிருந்து மாற்ற வழி பாருங்கள் என்று லெனின் தோழர்களைக் கேட்டுக்கொண்டிருந்தார். கடிதம் தலைவர்களின் கூட்டத்தில் வாசிக்கப்பட்டபோது ஸ்டாலினும் அங்கே இருந்தார். மற்ற தலைவர்களான ஜினோவியேவும் காமனேவும் அவருக்காகப் பேசினார்கள். லெனின் அஞ்சியதுபோல எதுவும் நடந்துவிடவில்லை என்றார்கள். இன்னொரு தலைவரான டிராட்ஸ்கி வாய் திறக்கவில்லை. கடிதத்தை அச்சிட வேண்டாம், கட்சி மாநாட்டுக்கு வந்தவர்களிடம் குழுகுழுவாக வாசித்துக் காட்டினால் போதும் என்று முடிவாயிற்று. ஸ்டாலின் பதவியில் நீடித்தார்.

பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1936 ஆகஸ்டில், ஜினோவியேவும் காமனேவும் மாஸ்கோ நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டு, செய்யாத குற்றங்களை ஒப்புக்கொண்டு, சுட்டுக் கொல்லப்பட்டார்கள். டிராட்ஸ்கி 1929-இல் நாடு கடத்தப்பட்டார். 1940 ஆகஸ்டில் மெக்சிகோவில், ஸ்டாலினின் உளவுத்துறை அனுப்பிய கொலையாளி அவரைத் தாக்கிக் கொன்றான். 1924-இன் அந்த மே மாதத்தில் மூவருக்கும் ஸ்டாலினை எதிர்த்துப் பேச வாய்ப்பு இருந்தது. எதிர்க்காமல் இருக்க அவரவருக்கு ஒரு காரணமும் இருந்தது. ஜினோவியேவும் காமனேவும் அப்போது டிராட்ஸ்கியைக் கண்டுதான் அஞ்சினார்கள். கோப்புகளையும் பதவி நியமனங்களையும் பார்த்துக்கொண்டிருந்த ஸ்டாலின் அவர்களுக்கு உதவியான ஆளாகத் தோன்றினார். தங்களுக்கு வசதியாக இருந்ததால் ஒரு தவறைத் தாண்டிப் போனார்கள்.

அந்த மே மாதத்துக்குச் சுமார் இருபது ஆண்டுகளுக்குப் பின், 1943 நவம்பருக்கும் 1944 பிப்ரவரிக்கும் இடையில், லண்டனில் ஜார்ஜ் ஆர்வெல் ஒரு சிறிய கதையை எழுதினார். பீகாரின் மோதிஹாரியில் பிறந்து, பர்மாவில் ஐந்தாண்டு ஆங்கிலேயரின் காவல்துறையில் வேலை பார்த்து, அந்த ஆட்சியின் அநியாயத்தை உள்ளிருந்து கண்டு வெளியேறியவர் அவர். கதையைத் தமிழ் வாசகர்கள் ‘விலங்குப் பண்ணை’ என்று அறிவார்கள். குடிகாரப் பண்ணையார் ஜோன்ஸை விரட்டிவிட்டு, எல்லோரும் சமம் என்று சட்டம் எழுதிக்கொண்டு, பண்ணையைத் தாங்களே நடத்த முன்வரும் விலங்குகளின் கதை. அவற்றை வழிநடத்தப் புறப்பட்ட பன்றிகளில் நெப்போலியன் என்ற பன்றி கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய பண்ணையாரைவிடக் கொடிய எஜமானாகிறது. அந்த நெப்போலியன் ஸ்டாலினைக் குறிக்கிறது என்பது கதை வெளிவந்த நாளிலிருந்தே உலகறிந்த செய்தி.

கதையின் தொடக்கத்தில், விடுதலை கிடைத்த கையோடு, ஒரு சிறு நிகழ்ச்சி வருகிறது. பசுக்களிடம் கறந்த பால் ஐந்து வாளிகளில் நுரைத்து நிற்கிறது. இந்தப் பாலை என்ன செய்யப்போகிறோம் என்று யாரோ கேட்கிறார்கள். நெப்போலியன் வாளிகளின் முன்னால் வந்து நிற்கிறது. பாலைப் பற்றி இப்போது என்ன கவலை, அறுவடைதான் முக்கியம் என்று எல்லோரையும் வயலுக்கு அனுப்புகிறது. மாலையில் திரும்பி வந்து பார்த்தால் பாலைக் காணோம். அது நாள்தோறும் பன்றிகளின் தீவனத்தில் கலக்கப்படுகிறது என்பது பிறகு தெரிகிறது. அடுத்து ஆப்பிள்களும் அவற்றுக்கே போகின்றன. சில விலங்குகள் முணுமுணுக்கின்றன. மூளையால் உழைப்பவர்களுக்கு இது மருந்து போல, உங்கள் நன்மைக்காகத்தான் இதை உண்கிறோம், நாங்கள் தளர்ந்தால் ஜோன்ஸ் திரும்பி வந்துவிடுவான் என்று ஸ்க்வீலர் என்ற நாவன்மை படைத்த பன்றி விளக்குகிறது. ஜோன்ஸ் பெயரைக் கேட்டதும் எல்லோரும் அடங்கிவிடுகிறார்கள். எதிலும் நெப்போலியனோடு ஒத்துப்போகாத ஸ்னோபால் என்ற பன்றி கூட இதில் மட்டும் ஒத்துப்போகிறது, ஏனென்றால் அதற்கும் பங்கு உண்டு.

வாசகர்கள் பெரும்பாலும் வேகமாகக் கடந்துபோகும் இந்த இடத்தைத்தான் கதையின் திருப்புமுனை என்று ஆர்வெல் 1946-இல் ஒரு நண்பருக்கு எழுதிய கடிதத்தில் குறிப்பிட்டார். நெப்போலியனின் நாய்கள் பாய்ந்து குரல்வளைகளைக் கிழிக்கும் இடத்தை அவர் சொல்லவில்லை. ரத்தம் சிந்தாத, யாரும் அழாத இந்தப் பால் வாளிக் காட்சியைச் சொன்னார். அன்று விலங்குகள் காலூன்றி நின்று கேட்டிருந்தால் பின்னால் வந்தது எதுவும் வந்திருக்காது என்பதே அவருடைய தீர்ப்பு.

உண்மையான ஒரு சர்வாதிகாரியையும் கதையில் வரும் கொடுங்கோலனையும் அருகருகே வைத்துப் பார்ப்பதன் பயன் இங்கேதான் இருக்கிறது. யார் யாரைக் குறிக்கிறார்கள் என்று பொருத்துவது எளிது. ஜோன்ஸ் என்றால் ஜார் மன்னன்; ஸ்னோபால் என்றால் டிராட்ஸ்கி; வேட்டை நாய்கள் என்றால் ரகசியப் போலீஸ்; விலங்குகள் கட்டும் காற்றாலை என்றால் ஐந்தாண்டுத் திட்டங்கள்; கடைசிச் சீட்டாட்டம் என்றால் 1943-இல் ஸ்டாலினும் சர்ச்சிலும் ரூஸ்வெல்ட்டும் கூடிய டெஹ்ரான் மாநாடு. பள்ளி மாணவர்களும் இந்தப் பட்டியலை மனப்பாடம் செய்துவிடலாம். வாழ்க்கைக்கு வேண்டிய பாடம், ஒரு மனிதனும் அவனைச் சுற்றி இருந்தவர்களும் எந்தப் படிகளில் இறங்கி அந்த இடத்துக்கு வந்தார்கள் என்று பார்ப்பதில் இருக்கிறது.

கதையில் நெப்போலியன் நடத்தும் விசாரணையில் ஒரு வாத்து முன்வந்து, போன அறுவடையில் ஆறு கதிர்களை ஒளித்துவைத்து இரவில் தின்றுவிட்டதாக ஒப்புக்கொள்கிறது. அதற்குத் தண்டனை மரணம். ஆறு கதிருக்காக ஓர் உயிரா, இது கதைக்காகக் கூட்டிச் சொன்னது என்று நினைக்கத் தோன்றும். ஆனால் சோவியத் அரசு 1932 ஆகஸ்ட் 7 அன்று ஒரு சட்டம் பிறப்பித்தது. கூட்டுப் பண்ணைச் சொத்தைத் திருடினால் மரண தண்டனை, அல்லது பத்தாண்டுச் சிறை. அறுவடை முடிந்த வயலில் உதிர்ந்து கிடந்த கதிர்களைப் பொறுக்கிய பசித்த விவசாயிகள்மீது அது பாய்ந்தது. மக்கள் அதைக் கதிர்ச் சட்டம் என்றே அழைத்தார்கள். உக்ரைனிலும் கசாக்ஸ்தானிலும் வடக்குக் காகசஸிலும் வோல்கா ஆற்றங்கரை மாவட்டங்களிலும் 1932, 1933 ஆண்டுகளில் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பட்டினியால் மாண்டார்கள். தானியக் கொள்முதலும் ஏற்றுமதியும் நிற்கவில்லை.

பண்ணையில் பஞ்சம் வந்தபோது நெப்போலியன் தானியத் தொட்டிகளில் மணலை நிரப்பி, மேலே கொஞ்சம் தானியத்தைப் பரப்பி, வெளியிலிருந்து வந்த மனிதருக்குக் காட்டச் சொல்கிறது. 1933-இல் பிரான்ஸின் முன்னாள் பிரதமர் எதுவார் எரியோ உக்ரைனுக்கு அழைத்துச் செல்லப்பட்டார். காட்டப்பட்டதைப் பார்த்துவிட்டு, அங்கே பஞ்சமே இல்லை என்று உலகத்திடம் சொன்னார். 1934 கட்சி மாநாட்டில் ஸ்டாலின் நாட்டின் மக்கள்தொகை 16.8 கோடி என்று அறிவித்தார். 1937 ஜனவரியில் எடுத்த கணக்கெடுப்போ சுமார் 16.2 கோடிதான் காட்டியது. இறந்தவர்கள் கணக்கில் வெளிப்பட்டுவிட்டார்கள். அரசு கணக்கெடுப்பை ரத்து செய்தது. அதை நடத்திய புள்ளியியல் அதிகாரிகளைக் கைது செய்தது. ஸ்க்வீலர் ஞாயிறுதோறும் தாளைப் பிடித்துக்கொண்டு விளைச்சல் பெருகியதாக வாசிக்கும் காட்சிக்கு உண்மையில் நேர்ந்த விலை, சரியாக எண்ணியவர்களின் உயிரும் சுதந்திரமும்.

ஆர்வெல் இதையெல்லாம் நூலகத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்ளவில்லை. ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் பாசிசத்தை எதிர்த்துப் போரிடப் போனவர், 1937 மே மாதம் உவெஸ்கா போர்முனையில் தொண்டையில் குண்டடிபட்டார். பார்சலோனாவுக்குத் திரும்பியபோது, அவர் போரிட்ட படையை நடத்திய இடதுசாரிக் கட்சியே, மாஸ்கோவுக்குக் கட்டுப்பட்டவர்களால் துரோகிகளின் கூட்டம் என்று முத்திரை குத்தப்பட்டுத் தடைசெய்யப்பட்டது. தோழர்கள் சிறையில் அடைக்கப்பட்டார்கள். அவரும் மனைவியும் எல்லையைத் தாண்டித் தப்பினார்கள். இங்கிலாந்து வந்து பார்த்தால், நேரில் கண்டதற்கு நேர்மாறான செய்திகளைச் சுதந்திர நாட்டின் பத்திரிகைகளே நம்பி அச்சிட்டிருந்தன. கட்டாயம் ஏதும் இல்லாமலேயே மக்கள் பொய்க்குத் துணைபோவார்கள் என்பதை அங்கே கற்றார். அந்தப் பாடம் கதையை எழுதியபோதும் தொடர்ந்தது. ஸ்டாலின் அப்போது பிரிட்டனின் போர்க்காலக் கூட்டாளி. கோலன்ஸ், ஜொனதன் கேப், டி.எஸ். எலியட் பணியாற்றிய ஃபேபர் என்று பதிப்பகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மறுத்தன. 1945 ஆகஸ்ட் 17 அன்றுதான் புத்தகம் வெளிவந்தது.

அதற்குச் சில மாதங்கள் முன்னால் ஆர்வெல் செய்த ஒரு திருத்தம் எனக்கு அந்தப் புத்தகம் முழுவதைவிடவும் பெரிதாகத் தெரிகிறது. பகைவர்கள் காற்றாலையை வெடிவைத்துத் தகர்க்கும் இடத்தில், நெப்போலியன் உட்பட எல்லா விலங்குகளும் தரையில் குப்புற விழுந்தன என்று முதலில் எழுதியிருந்தார். 1945 மார்ச்சில், அச்சுக்குப் போகும் தறுவாயில், நெப்போலியனைத் தவிர மற்ற எல்லாம் விழுந்தன என்று மாற்றச் சொல்லிப் பாரிஸிலிருந்து கடிதம் எழுதினார். 1941-இல் ஜெர்மானியப் படை நெருங்கியபோது ஸ்டாலின் மாஸ்கோவை விட்டு ஓடவில்லை. அவருக்கு நியாயம் செய்ய வேண்டும் என்பதுதான் காரணம். ஸ்டாலினின் ஆட்கள் தம்முடைய தோழர்களைக் கொன்றிருந்தும், தம் உயிருக்கே குறிவைத்திருந்தும், அவர் செய்யாத கோழைத்தனத்தை அவர்மீது ஏற்ற ஆர்வெலுக்கு மனம் வரவில்லை. கொடுங்கோலனின் முதல் ஆயுதம் பொய். அவனை எதிர்ப்பவன் அதே ஆயுதத்தைக் கையில் எடுத்துவிட்டால், யார் வென்றாலும் பொய்தான் வெல்லும்.

அந்த நேர்மையைப் பின்பற்றினால், கதை எங்கே போதாமல் போகிறது என்றும் சொல்ல வேண்டும். பண்ணையில் இறப்பவர்களை எண்ணிவிடலாம். 1937, 1938 ஆகிய இரண்டே ஆண்டுகளில் அரசியல் குற்றச்சாட்டில் சுட்டுக் கொல்லப்பட்டவர்கள் சுமார் 6,80,000 பேர் என்று சோவியத் அரசின் சொந்தக் கோப்புகளே சொல்கின்றன. இந்த அளவைத் தாங்கும் உருவகம் எதுவும் இல்லை. இன்னொரு குறை இதைவிட ஆபத்தானது. கதையில் கொடுங்கோலன் ஒரு பன்றி. வாசிக்கும் நாம் மனிதர்கள். அவன் வேறு இனம், நான் வேறு இனம் என்று வாசகன் நிம்மதி அடைந்துவிடலாம். உண்மையான ஸ்டாலின் ஜார்ஜியாவின் கோரி ஊரில் ஒரு செருப்புத் தைப்பவரின் மகனாகப் பிறந்தவர். பாதிரிப் பள்ளியில் படித்தவர். இளவயதில் ஜார்ஜிய மொழியில் கவிதை எழுதியவர். வாழ்நாள் முழுக்கப் புத்தகங்களை வாசித்து ஓரங்களில் குறிப்பெழுதியவர். அதே கையால் மரணப் பட்டியல்களில் கையெழுத்திட்டார். அரக்கன் கோரைப்பல்லோடுதான் வருவான் என்று காத்திருப்பவர்கள், அவன் மரியாதையாகப் பேசிக்கொண்டு பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பதைக் காணமாட்டார்கள். ஜினோவியேவும் காமனேவும் காணவில்லை.

கதை நம்மை விடாமல் பிடிப்பது மற்ற விலங்குகளின் வழியாக. பாக்ஸர் என்ற வண்டிக்குதிரை பண்ணையிலேயே நல்ல உயிர். யாரைவிடவும் உழைப்பது, யாரையும் ஏமாற்றாதது. ஸ்னோபால் தொடக்கத்திலிருந்தே துரோகி என்று ஸ்க்வீலர் சொல்லும்போது பாக்ஸர் ஏற்க மறுக்கிறது. ஸ்னோபால் ரத்தம் சிந்திப் போரிட்டதைத் தன் கண்ணால் பார்த்தது அது. ஆனால் நெப்போலியனே இப்படிச் சொல்லிவிட்டார் என்று கேட்டதும், அப்படியானால் அதுதான் சரியாக இருக்கும் என்று அடங்கிவிடுகிறது. தான் கண்டதைவிடத் தலைவன் சொன்னது உண்மை என்று அது ஒப்புக்கொண்ட கணத்தில் பண்ணை தன் கடைசிக் காவலை இழக்கிறது. நாய்களைக் காலடியில் அழுத்திப் பிடிக்கும் வலு இருந்தும், அதைத் தனக்காகவோ மற்றவர்களுக்காகவோ பயன்படுத்த அதற்குத் தெரியவில்லை. உடல் ஓய்ந்ததும் அது அடிமாடாக விற்கப்படுகிறது. உழைப்பும் விசுவாசமும் உயர்ந்த குணங்கள்தான். சிந்திக்கும் கடமையை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டவனிடம் அவை கொடுமைக்கே தீனியாகின்றன.

பெஞ்சமின் என்ற கழுதையின் குற்றம் வேறு. அதற்கு நன்றாகப் படிக்கத் தெரியும். ஸ்க்வீலர் இரவில் ஏணியும் பெயின்ட் டப்பாவுமாகச் சட்டங்களை மாற்றி எழுதப் போய், அவை எழுதிய சுவரடியில் விழுந்து கிடக்கும்போது, என்ன நடக்கிறது என்று புரிந்த ஒரே விலங்கு அதுதான். தலையை அசைத்துவிட்டு எதுவும் சொல்லாமல் போகிறது. உலகம் எப்போதும் இப்படித்தான் என்பது அதன் ஞானம். நண்பன் பாக்ஸரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போகும் அன்றுதான் முதல்முறையாகக் கத்திக்கொண்டு ஓடுகிறது, வண்டியின் பக்கத்தில் எழுதியிருப்பதை உரக்கப் படித்துக் காட்டுகிறது. அதற்குள் நேரம் கடந்துவிட்டது. தெரிந்தும் பேசாதவனின் அறிவு, கடைசியில் தனக்கு வேண்டியவனைக் காப்பாற்றக்கூட உதவாது.

இதற்கு உண்மை வாழ்க்கையில் சாட்சி தேவையென்றால் மொலோதோவைப் பார்க்கலாம். பல ஆண்டுகள் ஸ்டாலினுக்கு அடுத்த இடத்தில் இருந்தவர். 1948 இறுதியில் அவர் மனைவி பொலினாவைக் கட்சியிலிருந்து நீக்கும் தீர்மானம் வந்தபோது வாக்களிக்காமல் ஒதுங்கினார். சில வாரங்களில் அதுவே தவறு என்று ஸ்டாலினுக்கு எழுதிக் கொடுத்தார். மனைவி கைது செய்யப்பட்டு, நாட்டுக்குள்ளேயே தொலைதூரத்துக்கு அனுப்பப்பட்டார். கணவர் தலைமையில் நீடித்தார். முன்பு மற்றவர்களின் மரணப் பட்டியல்களில் கையெழுத்திட்டவரிடம், தன் வீட்டு வாசலில் வந்து நின்ற அநீதியை மறுக்கும் வலு மிஞ்சவில்லை. மறுக்கும் பழக்கம் ஒரு நாளில் வந்துவிடுவதில்லை. சிறியவற்றில் பழகாதவருக்கு அது பெரியதில் கைகொடுக்காது.

எல்லோரும் வாய்மூடி இருப்பதால் கொடுங்கோலனுக்காவது நன்மை உண்டா? இடித்துச் சொல்ல ஆளில்லாத மன்னன், கெடுக்க எதிரி இல்லாவிட்டாலும் தானே கெடுவான் என்பது வள்ளுவர் சொன்ன எச்சரிக்கை. 1953 மார்ச் 1 அன்று ஸ்டாலின் மாஸ்கோவுக்கு வெளியே தம் மாளிகையில் பக்கவாதத்தால் விழுந்து கிடந்தார். பகல் முழுக்க அறையில் அரவமே இல்லை. அழைக்காமல் உள்ளே போகக் காவலர்களுக்குத் துணிவு வரவில்லை. மருத்துவர்கள் வந்து சேர்ந்தது மறுநாள் காலையில். அவருக்குப் பல காலம் சிகிச்சை செய்த மருத்துவர் உட்பட நாட்டின் தலைசிறந்த மருத்துவர்கள் பலர், அவரே கட்டளையிட்ட பொய்க் குற்றச்சாட்டில் அப்போது சிறையில் இருந்தார்கள். மார்ச் 5 அன்று இறந்தார். யாரும் தன்னிடம் உண்மை பேச முடியாதபடி செய்துகொண்டவர், உதவிக்குக்கூட யாரும் நெருங்க முடியாதபடி செய்துகொண்டிருந்தார்.

ஆனாலும் அந்த நாட்டில் எல்லோரும் பாக்ஸராகவும் பெஞ்சமினாகவும் இருந்துவிடவில்லை. கவிஞர் அன்னா அக்மதோவாவின் மகன் சிறையில் இருந்தான். லெனின்கிராடின் சிறை வாசலில் மாதக்கணக்கில் வரிசையில் நின்ற தாய்மார்களில் அவரும் ஒருவர். அந்தத் துயரத்தைக் கவிதையாக எழுதினார். தாளில் வைத்திருந்தால் உயிர் போகும். அதனால் தோழி லிதியா சுகோவ்ஸ்காயா வரும்போது ஒரு துண்டுத் தாளில் சில அடிகளை எழுதி நீட்டுவார். தோழி மனப்பாடம் செய்ததும் தீக்குச்சியைக் கிழித்துத் தாளைச் சாம்பலாக்குவார். நம்பிக்கைக்குரிய சிலரின் நினைவில் அந்தக் கவிதை பல்லாண்டு வாழ்ந்தது. 1987-இல் அது அந்த நாட்டிலேயே முழுமையாக அச்சேறியது. பண்ணையின் விலங்குகள் சுவரில் இருந்த சட்டம் மாறியதைக் கண்டு, நாம்தான் தவறாக நினைவு வைத்திருக்கிறோம் போலும் என்று தங்களையே சந்தேகித்தன. இந்தப் பெண்கள் சுவரை நம்பாமல் தங்கள் நினைவை நம்பினார்கள். படையோ பதவியோ இல்லாதவரும் செய்யக்கூடிய எதிர்ப்பு இது: கண்டதைக் கண்டபடி நினைவில் வைத்திருப்பது, அடுத்தவரிடம் சேர்ப்பது.

நம்மில் பெரும்பாலோருக்கு ஒரு ஸ்டாலினின் கீழ் வாழ நேராது. ஆனால் பங்கீடு நடக்கும் இடங்களில்தான் எல்லோரும் வாழ்கிறோம். குடும்பத்தில், அலுவலகத்தில், சங்கத்தில், கட்சியில் யாரோ ஒருவர் தமக்குக் கொஞ்சம் கூடுதலாக எடுத்துக்கொள்கிறார். இது உங்கள் நன்மைக்காகத்தான் என்கிறார். கேட்டால் பழைய எதிரி திரும்பி வந்துவிடுவான் என்கிறார். அன்றைக்கே கேட்பது கடமை. அன்று கேட்கும் கேள்விக்கு விலை ஒரு மனக்கசப்போடு முடியும். பத்தாண்டு கழித்துக் கேட்டால் விலை உயிராக இருக்கலாம். சலுகையில் நமக்கும் ஒரு பங்கு வரும்போது கேட்பதுதான் மிகக் கடினம். ஸ்னோபாலும் ஜினோவியேவும் தோற்ற இடம் அது. நம் பக்கத்தவர் செய்யும் தவறைத் தவறென்று சொல்வதும், எதிரி செய்த நல்லதை நல்லதென்று ஒப்புக்கொள்வதும் அதே பயிற்சியின் இரண்டு பகுதிகள். நேரில் கண்டதை, எவ்வளவு பெரியவர் மறுத்தாலும், விட்டுக்கொடுக்காமல் இருப்பது மூன்றாவது.

கடைசியாக, கதையை வாசிக்கும்போது நாம் எப்போதும் ஒடுக்கப்பட்ட விலங்குகளின் பக்கத்தில் நின்றே வாசிக்கிறோம். நம் கையிலும் எங்கோ சிறிது அதிகாரம் இருக்கிறது: பெற்றோராக, ஆசிரியராக, மேலதிகாரியாக, சங்கச் செயலாளராக. நம்மிடம் முடியாது என்று சொல்ல நம்மைச் சார்ந்தவர்களுக்குத் துணிவு இருக்கிறதா? சொன்னவர்களை நாம் எப்படி நடத்தினோம்? கடைசியாக எப்போது ஒருவர் நம் தவறை முகத்துக்கு நேரே சொன்னார்? இந்தக் கேள்விகளுக்கு நேர்மையாகப் பதில் தேடுகிறவன் தன் வீட்டிலும் பணியிடத்திலும் கொடுமை வேர்விட இடம் தரமாட்டான். நாடுகள் அத்தகைய வீடுகளாலும் பணியிடங்களாலும் ஆனவை. அங்கே மறுத்துப் பேசவும் மறுப்பைக் கேட்கவும் பழகிய மக்களை எவனும் நெடுங்காலம் அடிமைகொள்ள முடியாது.